மறுபடி: ஒரு ஃபார்ம் 5 கோப்பும் இரண்டு விவராவகாச மனுக்களும்

மலையாளத்தில் ‘மறுபடி’ என்றால் பதில். தமிழில் இன்னொரு தடவை. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்கும் எங்கள் ஊரில், இதை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனாலும் ஒருநாள் என் அத்தை வருவாய் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார்: “மறுபடி வரும்னு சொல்றாங்க கண்ணு. அதை மலையாளத்துல எடுத்துக்கவா, தமிழ்ல எடுத்துக்கவா?”

அது அவருடைய நாலாவது நடை. நெல்வயல் பட்டியலிலிருந்து தன் இடத்தை நீக்கச் சொல்லி ஃபார்ம் 5 மனு கொடுத்துப் பதினேழு மாதம் ஆகியிருந்தது.

இது அந்தக் கோப்பின் கதை, அதற்காக நான் எழுதிய இரண்டு தகவல் உரிமை மனுக்களின் கதையும். ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், சாயங்காலம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவன் நான். வக்கீல் இல்லை. இதில் எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று சொல்லப்போவதில்லை. அத்தைக்கு அங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் விவகாரம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நஞ்சை, புஞ்சை என்பதுபோல இங்கே வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’, ‘புரயிடம்’ என்று இரண்டு. நிலம் என்றால் நெல்வயல். புரயிடம் என்றால் தோட்டமும் மனையும். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அத்தைக்கு எல்லா மண்ணும் நிலம்தான். “எங்க நிலத்துல பையனுக்கு ஒரு வீடு கட்டணும்” என்று அவர் வில்லேஜ் ஆபீசில் போய்ச் சொன்னபோது, எதிரில் இருந்தவர் காதில் ‘வயலில் வீடு’ என்று விழுந்திருக்கும். பதிவேடும் அதையேதான் சொன்னது. மாமா பெயரில் இருந்த எட்டு சென்ட் ‘நிலம்’. அதில் நிற்பதோ தென்னை. அவர்களுடைய மூத்த மகள் பிறந்த வருஷம் மாமா நட்டது. அந்த மகளுடைய பையன் இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான்.

கேரளத்தில் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஆகஸ்ட் 12 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் எது வயல் என்று பட்டியல் எடுத்தார்கள். அதுதான் ‘டேட்டா பேங்க்’. பஞ்சாயத்துத் தலைவர், கிருஷி ஆபீசர் (வேளாண் அதிகாரி), வில்லேஜ் ஆபீசர், மூன்று விவசாயப் பிரதிநிதிகள் கொண்ட குழு ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டிய பட்டியல் அது. பல இடங்களில் போய்ப் பார்க்கவில்லை. பழைய வரிப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார்கள். இப்படித் தப்பாகச் சேர்ந்ததை நீக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் ஃபார்ம் 5. கோட்ட வருவாய் அதிகாரி கிருஷி ஆபீசரிடம் அறிக்கை வாங்கி முடிவெடுக்க வேண்டும். 2008-இல் சட்டம் வந்த நாளில் அந்த இடம் வயலாக இருந்ததா, இல்லையா என்பதே கேள்வி, பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல என்று கேரள உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கில் அத்தையின் வழக்கு மிகச் சுலபமானது. மரமே சாட்சி.

இந்த மனுக்கள் மாநிலம் முழுக்க லட்சக்கணக்கில் தேங்கின. 2022 தொடக்கத்தில் எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. அத்தை அதற்குச் சில மாதம் முன்பு காகிதத்தில் கொடுத்தவர். ஆன்லைனில் கொடுத்தவர்களுக்கு போனில் நிலவரம் தெரிந்தது. காகிதத்தில் கொடுத்தவர்களுக்குக் கவுண்டர்தான்.

முதல் மனு: என் தப்பு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இங்கே தமிழர்களும் ‘விவராவகாசம்’ என்றுதான் சொல்வார்கள். “ஒரு விவராவகாசம் போட்டுடலாம் அத்தை” என்றேன். போட்டேன், ஆத்திரத்தில். ஏன் இத்தனை தாமதம், இதற்கு யார் பொறுப்பு, எப்போது முடிப்பீர்கள் என்று மூன்று கேள்வி. தமிழில் எழுதினேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினேன். அத்தையிடம் இருப்பது ரோஸ் கலர் ரேஷன் கார்டு. அதைக் காட்டி, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர், கட்டணம் வேண்டாம் என்று வாதாடலாம். ஆனால் அந்தக் கார்டு போதுமா, வேறு சான்று வேண்டுமா என்று ஒரு கடிதம் வந்தால் அதிலேயே ஒரு மாதம் போய்விடும். பத்து ரூபாய்க்கு அது கட்டாது.

இருபத்திரண்டாவது நாள் கடிதம் வந்தது. மனுவை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ தரவும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விவராவகாசச் சட்டத்தின் 6(1) பிரிவு ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் அலுவல் மொழி என்று சொல்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு ஓர் உரிமை தருகிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் அவர்கள் தங்கள் மொழியில் எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். சித்தூர், தேவிகுளம் போன்ற தாலுக்காக்களின் தமிழர்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் தமிழ் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் சட்டத்தின் வாசகம் ‘அந்தப் பகுதிகளில் உள்ள அலுவலகம்’ என்கிறது. வில்லேஜ் ஆபீசும், கிருஷி ஆபீசரின் அலுவலகமான கிருஷி பவனும் அதற்குள் வரும். முடிவெடுக்கும் மேல் ஆபீஸ் பகுதிக்கு வெளியே இருந்துவிட்டால்? வாதாடலாம், வாதத்தில் பலமும் உண்டு. ஆனால் அதற்குத் தகவல் ஆணையம் வரை போக வேண்டும், அத்தையின் வீடு அதுவரை காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி மலையாளத்தில் பெயர்த்துக் கொடுத்தோம். அலுவலகம் அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தது. இருபத்திரண்டு நாள் காற்றில் போனது.

அப்புறம் பதில் வந்தது. கடிதத்தில் போட்டிருந்த தேதி இருபத்தொன்பதாவது நாள். உறையில் தபால் முத்திரை முப்பத்து மூன்றாவது நாள். இந்த வித்தையை விவராவகாசம் போடுகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். உறையைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்குத்தான். முத்திரை உறையில்தான் இருக்கும்.

உள்ளே ஒரே பத்தி. ‘ஏன்’ என்ற கேள்விகள் சட்டத்தில் சொல்லும் தகவல் என்பதற்குள் வராது. கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி. 2008-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு இதையே சொன்னது. தகவல் என்பது அலுவலகத்தின் கையில் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருப்பது. காரணம் கேட்டு அதிகாரியை உட்காரவைத்து எழுதவைக்க இந்தச் சட்டம் போதாது. பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவுகளின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று 4(1)(d) பிரிவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கே முடிவு என்று ஒன்று எடுத்தால்தானே?

முதல் மனுவில் இரண்டு மாதம் போயிற்று. அதில் பாதிக்கு மேல் என் கணக்கில் சேர வேண்டியது.

இரண்டாவது மனு

இந்தத் தடவை ஆத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு எழுதினேன். முதலிலேயே மலையாளத்தில். கேட்டது எல்லாம் காகிதம்: அத்தையின் மனு தபால் பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் நகல், ஃபைல் நம்பர், அந்த ஃபைலில் அலுவலர்கள் குறிப்பு எழுதும் நோட் பக்கங்கள் முழுவதும், கிருஷி பவனுக்கு அறிக்கை கேட்டு அனுப்பிய கடிதமும், அது தபாலில் போனதற்கான டெஸ்பாட்ச் நம்பரும். கூடவே, அத்தைக்குப் பிறகு மனு கொடுத்து அத்தைக்கு முன்னால் முடிந்துபோன ஃபார்ம் 5 கோப்புகளின் எண், தேதிப் பட்டியல். கடைசியில் ஒரு வரி: 2(j) பிரிவின்படி கோப்பை நேரில் பார்க்கவும் விரும்புகிறேன்.

பதினோராவது நாள், மனுவின் சில பகுதிகளை வில்லேஜ் ஆபீசுக்கும் கிருஷி பவனுக்கும் மாற்றி அனுப்பியதாகக் கடிதம். 6(3) பிரிவின்படி மாற்றுவதென்றால் ஐந்து நாளுக்குள் மாற்ற வேண்டும். பதினொன்று ஆனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, நானும்தான். ஒரு விதத்தில் நல்லதாகவே போயிற்று. ஒரு மனுவுக்கு மூன்று கதவு திறந்தது.

இருபத்து நாலாம் நாள் வில்லேஜ் ஆபீசிலிருந்து வரிப் பதிவேட்டு நகல். நமக்குத் தெரிந்த ‘நிலம்’தான். இருபத்தேழாம் நாள் கிருஷி பவனிலிருந்து ஒரு வரி: மேற்படி மனு தொடர்பாக அறிக்கை கேட்டு எந்தக் கடிதமும் இந்த அலுவலகத்தில் கிடைத்ததாகப் பதிவு இல்லை.

இந்த மொத்த விவகாரத்திலும் எனக்கு மிக உபயோகமான காகிதம் அந்த ஒரு வரிதான். பத்தொன்பது மாதமாகக் கவுண்டரில் அத்தையிடம் சொன்னது “கிருஷி ஆபீசர் ரிப்போர்ட் வரல”. கிருஷி ஆபீசரிடம் யாரும் கேட்கவேயில்லை. இல்லை என்ற பதிலும் ஒரு தகவல்தான். முறையாக முத்திரை வைத்து வரும்போது அது இருக்கிறது என்ற பதிலைவிடக் கனமாக இருக்கும்.

முப்பதாம் நாள் வந்தது, போனது. மேல் ஆபீசிலிருந்து எதுவும் இல்லை. சட்டத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டும்: எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் முப்பது நாளுக்குள். அலுவலகங்கள் முதல் பாதியை மறந்துவிட்டு, இரண்டாம் பாதியை வரி கட்டும் கடைசித் தேதிபோல நடத்துகின்றன. பாதி நேரம் அதையும் தாண்டுகின்றன. தாண்டினால் 7(2) பிரிவின்படி அது மறுப்பாகவே கருதப்படும். மௌனத்தை எதிர்த்து அப்பீல் போகலாம் என்பதற்காக வைத்த பிரிவு அது.

முப்பத்தாறாம் நாள் முதல் அப்பீல் அனுப்பினேன். பலர் இதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டப் பார்க்கிறார்கள். அதே துறையின் மூத்த அதிகாரிதானே, தம் ஆளைக் காப்பாற்றத்தானே பார்ப்பார் என்பார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. கீழே என்ன நடக்கிறது என்று பல நேரங்களில் மேலே இருப்பவருக்கு உண்மையிலேயே தெரியாது. முதல் அப்பீல்தான் அவர் மேசைக்குக் கோப்பை முதல்முறையாகக் கொண்டுபோகிறது. அவருக்கும் நாள் கணக்கு உண்டு: முப்பது நாள், காரணம் எழுதினால் நாற்பத்தைந்து வரை. அதற்கும் மேலே, மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாம் அப்பீலை முடிக்கத்தான் சட்டத்தில் காலக்கெடுவே கிடையாது. முப்பது நாள் சட்டம் என்று பெயர் வாங்கிய சட்டத்தின் கடைசிப் படியில் நாளே எழுதவில்லை. ஆணையங்களில் காலி இடங்களை நேரத்தோடு நிரப்புங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் சொல்ல வேண்டி வந்ததும் இந்தப் படியில் கூட்டம் சேர்ந்ததால்தான்.

அப்பீல் போய் இருபத்தைந்தாம் நாள் மேல் ஆபீசிலிருந்து கடிதம். ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைத்ததும் தருவோம். அத்தை அதைக் கேட்டுச் சிரித்தார். “பதினேழு மாசம் நான் ஆபீஸைத் தேடி நடந்தேன், இப்ப ஆபீஸ் ஃபைலைத் தேடுதா?”

ஃபைலைக் காணவில்லை என்பது சட்டத்தில் எங்கும் விலக்காக எழுதப்படவில்லை. ஒருகாலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணம் காணவில்லை என்றால் முழுமூச்சாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும் என்று 2013-இல் டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. இதை இரண்டு வரியில், அத்தை மனு கொடுத்த தேதியோடு சேர்த்து, அப்பீல் அதிகாரிக்கு ஒரு துணைக் கடிதமாக அனுப்பினேன். மிரட்டல் எதுவும் இல்லை. விசாரணை என்ற சொல்லே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் அப்பீல் உத்தரவு வந்தது: பத்து நாளுக்குள் நகல் தர வேண்டும். அதற்குள் ஃபைலும் கிடைத்துவிட்டது.

நகலுக்குப் பணம் கட்டச் சொல்லி ஒரு சீட்டு வந்தது. சில பத்து ரூபாய். கெடு தாண்டிக் கொடுக்கும் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது 7(6). நான் அதை எழுதி அனுப்பப் பேனாவை எடுத்தேன். அத்தை கையைப் பிடித்துவிட்டார். “வழக்கு உனக்கு கண்ணு, வீடு எனக்கு. கட்டிட்டு வாங்கு.” கட்டினோம். எழுபத்தைந்தாம் நாள் நகல் கையில்.

நோட் பக்கம்

மொத்தம் பதினோரு பக்கம். அதில் ஒன்றே ஒன்றுதான் விஷயம். மனு வந்த மூன்றாம் வாரமே செக்ஷன் கிளார்க் நோட் எழுதியிருக்கிறார்: கிருஷி ஆபீசரிடம் அறிக்கை கேட்கலாம். மேலே இருந்தவர் சரி என்று சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். கடிதத்தின் வரைவும் எழுதி, அதுவும் ஒப்புதல் வாங்கியிருக்கிறது. டெஸ்பாட்ச் நம்பர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் இல்லை. அடுத்த பக்கம் நம் விவராவகாச மனு.

அதாவது யாரும் மறுக்கவில்லை. யாரும் கைநீட்டவும் இல்லை, எனக்குத் தெரிந்தவரை. ஒப்புதல் ஆன ஒரு கடிதம் தபால் மேசைக்குப் போகாமல் ஃபைலுக்குள்ளேயே இருந்துவிட்டது. அந்த செக்ஷனில் அந்த மாதம் ஆள் மாறியது என்று பிறகு கேள்விப்பட்டேன். புதிதாக வந்தவர் ஃபைலைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒப்புதல் ஆனதுபோலத் தெரியும். கவுண்டரில் கேட்டால் “ரிப்போர்ட் வரல”. அவர் பொய் சொல்லவில்லை. நான் இதுவரை பார்த்த தாமதக் கோப்புகளில் பாதி இந்த ரகம்தான். லஞ்சத்துக்காக நிறுத்தியது என்று நாம் மனசுக்குள் எழுதிக்கொள்ளும் கதை எல்லாக் கோப்புக்கும் பொருந்துவதில்லை. அதனால்தான் ‘யார் பொறுப்பு’ என்று கேட்பதைவிட, கடைசியாக எந்தக் காகிதம் எந்த மேசையை விட்டு எந்தத் தேதியில் போனது என்று கேட்பது நல்லது.

முந்திப் போன கோப்புகளின் பட்டியலைத் தரவில்லை. தனியாகத் தொகுத்து வைத்திருக்கவில்லை என்றார்கள். இல்லாத பட்டியலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமே 2011-இல் சொல்லியிருப்பதால் அதோடு விட்டேன்.

பிறகு எல்லாம் சட்டென்று நடந்தது. கடிதம் கிருஷி பவனுக்குப் போனது. மூன்று வாரத்தில் கிருஷி ஆபீசர் வந்தார், இளம் பெண். தென்னைக்கு எத்தனை வயது என்று கேட்டார். “என் பெரிய பொண்ணோட ஜாதகம் கொண்டுவரட்டா?” என்றார் அத்தை. செயற்கைக்கோள் படம் வேண்டும் என்று திருவனந்தபுரத்து தொலையுணர்வு மையத்துக்கு எழுதியதில் இன்னும் கொஞ்ச வாரம். கடைசியில் எட்டு சென்ட்டும் டேட்டா பேங்கிலிருந்து நீங்கியது.

கையெழுத்து விழாத மனு

எனக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. காரணமில்லாமல் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. முப்பதாம் நாளிலிருந்து எழுபத்தைந்தாம் நாள் வரை நாற்பத்தைந்து நாள், 11,250 ரூபாய். முதல் அப்பீல் அதிகாரிக்கு இந்த அதிகாரம் இல்லை, ஆணையம்தான் விதிக்க முடியும். தகவல் கையில் வந்துவிட்டதால் இரண்டாம் அப்பீல் தேவையில்லை, 18-ஆம் பிரிவில் புகார் போதும். தகவல் வேண்டுமென்றால் அப்பீல், தண்டனை வேண்டுமென்றால் புகார் என்று மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் கொடுத்த வழி அது. நாள் கணக்கை அட்டவணையாகப் போட்டு, உறை முத்திரைகளின் நகலும் இணைத்துப் புகாரைத் தயார் செய்தேன். சொல்லப்போனால் நான் எழுதியவற்றிலேயே அதுதான் நல்ல மனு.

அத்தை கையெழுத்துப் போடவில்லை. “அடுத்து ஃபார்ம் 6 கொடுக்கணும்னு நீதானே சொன்னே? அது யார்கிட்ட போகும்?”

அங்கேதான் போகும். டேட்டா பேங்கிலிருந்து நீங்கினால் மட்டும் நிலம் புரயிடம் ஆகிவிடாது. தன்மை மாற்றத்துக்குத் தனி மனு, அப்புறம் வில்லேஜ் ஆபீசில் பதிவேட்டுத் திருத்தம், அதற்குப் பிறகு பஞ்சாயத்தில் கட்டிட அனுமதி. எல்லாம் அதே ஜன்னல்கள். அபராதப் பிரிவு எழுதியவர்கள், புகார் கொடுத்தவர் மறுநாள் அதே ஜன்னலில் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதை யோசித்தார்களா என்று தெரியவில்லை. எனக்கு அத்தைமேல் அன்று கோபம்தான். நான் வாயனசாலையில் உட்கார்ந்திருப்பவன், வரிசையில் நிற்பவர் அவர் என்பது புரியச் சில நாள் ஆனது. அந்தப் புகார் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

ஃபார்ம் 6-ஐ ஆன்லைனில் போட்டோம். இருபத்தைந்து சென்ட்டுக்குள் என்பதால் மாற்றக் கட்டணம் இல்லை. ரசீதின் நம்பரை அத்தை காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர், கவுண்டரில் தானாகவே கேட்டிருக்கிறார், ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று அல்ல, ரிப்போர்ட் கேட்டு அனுப்பிய கடிதத்தின் டெஸ்பாட்ச் நம்பர் என்ன என்று. கிளார்க் நிமிர்ந்து பார்த்துவிட்டு, உட்காருங்கள் என்று சொல்லி எழுந்து உள்ளே போனாராம்.